யார் தோளுக்கு இந்தத் தோல்

2025 டிசம்பர் 13, சனி. செங்கல்பட்டு

மழை ஓய்ந்து நல்ல வெயில். கொளவாய் ஏரி இன்னும் தளும்பிக்கொண்டிருக்கிறது. ராத்திரியில் அந்தப் பக்கத்துக் காற்று வீட்டுக்குள் வந்தால் சுவரே வியர்க்கிறது. பருவமழை முடிந்ததும் பீரோவைத் திறந்து விமானிகளின் பழைய தோல் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்பது என் வருஷ வேலை. இன்று காலை தொடங்கினேன்.

ஆட்டு ரோமத்தோடு கூடிய இர்வின் ஜாக்கெட்டின் காலருக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. பாராசூட் செய்து பேர் வாங்கிய லெஸ்லி இர்வின் 1930களில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக வடிவமைத்தது இது. ஆங்கிலேயக் குளிருக்கும் அதற்கு மேலே இருக்கிற குளிருக்கும் தைத்த சட்டை செங்கல்பட்டில் மூச்சுத் திணறுகிறது. தோலுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும் என்பார்கள் அருங்காட்சியகக்காரர்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அது 80ஐத் தாண்டி நிற்கும். பூஞ்சணத்துக்கு அதுவே கல்யாணச் சாப்பாடு.

மொட்டை மாடியில், நிழலில், காற்று போகிற பக்கமாகத் திரும்பி நின்று, உலர்ந்த மிருதுவான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். ஈரத்துணி கூடாது, அது பூஞ்சண வித்துகளை மயிர்க்கால்களுக்குள் தேய்த்து அனுப்பிவிடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பளபளப்பு வரும் என்று நம் வீடுகளில் செருப்பு முதல் பெல்ட் வரை தடவுகிறார்கள். இரண்டு மாதத்தில் எண்ணெய் சிக்குப் பிடித்து, அதன்மேல் மறுபடி பூஞ்சணம் வரும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நான் பழைய பருத்தி வேட்டிகளைக் கஞ்சியும் நீலமும் போடாமல் பலமுறை அலசி வைத்திருக்கிறேன். அதில்தான் சுற்றுவேன். அந்துருண்டை பீரோவின் மூலையில், தோலைத் தொடாமல்.

மதியம் தம்பி மகன் வந்தான். காய்கிற ஜாக்கெட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பழுப்பு நிறத்தில் இருந்ததைக் காட்டிக் கேட்டான்: "பெரியப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஈ.சி.ஆர்.ல ரைட் போறோம். இத நான் போட்டுக்கட்டுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அவன் கேட்ட ஜாக்கெட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன். அவனுக்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கே அது தெளிவாக வேண்டும்.

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 வகை. பெரும்பாலும் குதிரைத் தோல், சிலவற்றில் ஆட்டுத் தோல். முன்பக்கம் ஜிப், அதை மூடும் தோல் பட்டை, தோளில் பட்டிகள், இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் கம்பளி. இரண்டு பைகளுக்கும் மூடி உண்டு. பக்கவாட்டில் கையை நுழைத்து நிற்கிற மாதிரி பை கிடையாது. கழுத்துக்குக் கீழே உள்பக்கம் நெய்த லேபிள்: வகை, வரைபட எண் 30-1415, தைத்த கம்பெனி, ஒப்பந்த எண். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த லேபிளைத்தான். இதில் அது பாதி அரித்துப்போயிருக்கிறது. ராமபாணப் பூச்சி தோலை விட்டுவிட்டு நூலைத் தின்றிருக்கிறது.

1943இல் புதிதாகத் தோல் ஜாக்கெட் வாங்குவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. துணியாலான பி-10 அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் கையில் ஏ-2 இருந்தவர்கள் அதை விடவில்லை. பின்னாளில் ஸ்டீவ் மெக்வீன் 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது உலகமே அதற்கு ஆசைப்பட்டது. 1980களின் கடைசியில் அமெரிக்க விமானப் படையே அதை ஆட்டுத் தோலில் மறுபடி கொண்டுவந்தது.

என் அப்பா இதை மூர் மார்க்கெட்டில் வாங்கினார். யுத்தம் முடிந்து படைகள் விட்டுப்போன சாமான்களெல்லாம் 'டிஸ்போசல்' என்று ஏலம் போன காலம். ஜீப், தார்ப்பாய், டார்ச் லைட், பூட்ஸ் என்று கடைகளில் குவிந்து கிடந்ததாகச் சொல்வார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. அப்பாவும் போய்விட்டார். ஜாக்கெட் இருக்கிறது.

இடது தோளில் ஒரு சின்னம். சீனா, பர்மா, இந்தியா போர்முனைக்கு உரியது: கேடய வடிவம், கீழே சிவப்பும் வெள்ளையுமாக நெடுக்குப் பட்டைகள், மேலே நீலத்தில் சீனத்துச் சூரியனும் இந்தியாவின் நட்சத்திரமும். அச்சடித்ததோ நெய்ததோ இல்லை. வெவ்வேறு நிறத் தோலைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தித் தைத்திருக்கிறார்கள். சூரியனுக்குப் பன்னிரண்டு முனை. ஒவ்வொன்றும் அரிசியளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு முனை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருப்பது தெரிகிறது. இந்தியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கர்களுக்கு நம் ஊர்த் தோல் தொழிலாளர்கள் இப்படிக் கையால் செய்து கொடுத்த சின்னங்கள் ஏராளம். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகிறார்கள். அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்கு மலைகளைத் தாண்டிச் சீனாவுக்கு 1942 முதல் 1945 வரை ஆறு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு கொண்டுபோனார்கள். அந்தப் படையில் இருந்த யாரோ ஒருவன் தோளில் நம் ஊர்க்காரர் யாரோ ஒருவர் கைவேலை இருந்திருக்கிறது. இருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

இடது மார்பில் பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக. விற்பதற்கு முன் பட்டையைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். வலது முழங்கை மடிப்பு இடதைவிட ஆழம். இடது முன்கையின் அடிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெருகேறியிருக்கிறது. எதன் மேலோ மணிக்கணக்காக ஊன்றியிருந்த கை. அந்த மனிதனைப் பற்றி மிச்சமிருக்கும் தகவல் இவ்வளவுதான். தம்பி மகன் போட்டுக்கொண்டு போனால் அவன் முழங்கை அங்கே புது மடிப்பு போடும். பழையது அழியும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோயில் மைக்.

பையன் போனில் விடவில்லை. அவன் சொன்னதை நேர்மையாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. போட்டுக்கொள்வதற்குத்தான் தைத்தார்கள், பீரோவில் இருந்தால் அது என்னோடு சேர்ந்து முடிந்துபோகும், நாலு பேர் கண்ணில் பட்டால்தான் நாலு பேர் கேட்பார்கள், அப்போதுதான் கதையைச் சொல்ல முடியும். "நீங்க மாடியில காய வெக்கிறப்ப பாத்துதானே பெரியப்பா நானே கேட்டேன்?"

உண்மைதான். காட்டாமல் வைத்திருக்கும் வரலாறு யாருக்கு? ஆனால் எண்பது வருஷத்துப் பருத்தி நூல் இழுவையைத் தாங்காது. நம் ஊர் வியர்வையின் உப்பு லைனிங்கைத் தின்றுவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன்: வண்டியிலிருந்து விழுந்தால் தோலைக் காப்பாற்றும் என்று நம்பித்தானே ரைடிங் ஜாக்கெட் போடுகிறீர்கள்? இந்தப் பழைய தோல் தார்ரோட்டில் உரசினால் அப்பளமாக நொறுங்கும். முழங்கையிலும் தோளிலும் காப்புப் பட்டைகள் கிடையாது. உயிருக்கு இது உதவாது.

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 17, புதன்

குரோம்பேட்டை வரை ரயிலில் போய்வந்தேன். பழைய சக ஊழியர் ஒருவரிடம் தோல் மென்மையாக்கும் மருந்து பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. போட வேண்டாம் என்றார். எனக்கும் அதே எண்ணம். காய்ந்த தோல் காய்ந்ததாகவே இருக்கட்டும். எண்ணெய்ப் பசை ஏற்றினால் நிறம் கறுக்கும், தூசி ஒட்டும், திரும்ப எடுக்க முடியாது.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே தோலால். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. அதற்கு முன் மதராஸ் தோல் என்றால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்தது. லண்டன் சந்தையில் அதற்கு நல்ல பெயர். குரோமிய உப்பு வந்ததும் வாரங்கள் நாளாகச் சுருங்கின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குரோமிய உப்பில் ஊறித் தூக்கிய தோலின் நீலத்தைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். அதே உப்பு வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து பாலாற்றில் இறங்கி என்ன செய்தது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியது. அந்தப் பாலாறுதான் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போய்க் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. தோலை நேசிக்கிறவன் இதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில்வே லைனுக்கு அருகிலேயே எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி. அங்கே காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் தன் மனம் அந்தப் பக்கம் போனது என்று அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் சொல்லியிருக்கிறார். படித்து முடித்து விமானப் படையில் விமானியாகச் சேரும் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அந்த உடுப்பு அவர் உடம்புக்கு வர 2006 ஜூன் 8 ஆகவேண்டியிருந்தது. புனே லோகேகான் தளத்தில் விமானி உடையும் ஹெல்மெட்டுமாகச் சுகோய்-30இல் ஏறினார், 74 வயதில், குடியரசுத் தலைவராக. அந்தப் புகைப்படத்தில் அவர் முகத்தைப் பார்க்கும்போது, உடுப்பைப் போட்டுக்கொள்ளும் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது. பையன் கண்ணிலும் அந்த மினுக்கம்தான் இருக்கிறது. 'காற்று வெளியிடை'யில் கார்த்தியைப் பார்த்தது அதில் பாதி. மீதி, தாம்பரம் வானத்தில் தினமும் சுற்றுகிற பயிற்சி விமானங்களைப் பார்த்து வளர்ந்தது.

டிசம்பர் 19, வெள்ளி. சேலையூர்

தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் விமானப் படை ஜாக்கெட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கொடுக்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்கப் போனேன். தாம்பரம் விமானப் படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்கள் நிறைய.

எண்பது தாண்டிய அம்மா. கணவர் 1960களில் பாக்கெட் விமானத்தில் சிக்னலராக இருந்தவர். ஃபேர்சைல்ட் சி-119, எல்லோரும் சொன்ன பெயர் பாக்கெட். 1962 ஜூலையில் தௌலத் பேக் ஓல்டியில் முதன்முதலாக இறங்கியது அந்த வகை விமானம்தான். மேலே ஒரு ஜெட் எஞ்சினைக் கூடுதலாகப் பொருத்தி லே தளத்துக்குச் சரக்கு கொண்டுபோனார்கள். லே தளமே ஏறக்குறைய 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. பாக்கெட்டில் கேபின் அழுத்தம் கிடையாது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், தாம்பரத்தில் முப்பது டிகிரியில் நிற்கிறவனுக்கு அந்த ஜாக்கெட் எதற்கு என்று விளங்கிவிடும்.

"ஜாக்கெட்ட பாக்கலாமாம்மா?" என்றேன்.

பீரோவைத் திறப்பார் என்று நினைத்தேன். கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். அடர் பழுப்பு. காலரில் ரோமம் பாதி உதிர்ந்திருக்கிறது. வலது கை முனையில் வெள்ளையாகத் தூள். தொட்டுப் பார்த்தேன், கோலமாவு.

"மார்கழில வெடியக்காலம் வாசல் தெளிச்சுக் கோலம் போடறப்ப பனி தாங்கலப்பா. அவரு போனதுலேருந்து நான்தான் போட்டுக்கறேன். புடவை மேல இத மாட்டிக்கிட்டு உக்காந்தா தெருவே திரும்பிப் பாக்கும். பாக்கட்டும்."

கோலமாவு தோல் மடிப்பில் உட்கார்ந்தால் அரிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் சண்டிகரில் இருந்தபோது பைகளில் ஏலக்காய் வைத்திருப்பாராம், வாந்தி வராமல் இருக்க. உள்பையில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது என்று முகர்ந்து பார்க்கச் சொன்னார். எனக்கு வேப்பெண்ணெய் வாசனைதான் தெரிந்தது. அவருக்கு ஏலக்காய் தெரிகிறது.

1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன ஏ.என்.-12 விமானம் 102 பேரோடு ரோதாங் பனியில் காணாமல் போனதையும் சொன்னார். அன்று இரவு முகாமில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லையாம். போன வருஷம் செப்டம்பரில் அந்தப் பனியிலிருந்து நான்கு பேர் உடல்கள் கிடைத்த செய்தியைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார். 56 வருஷம் கழித்து, கூடவே இருந்த காகிதங்களை வைத்துச் சிலரை அடையாளம் கண்டார்கள். "அவங்கள்லாம் இதே மாதிரி சட்டைதான் போட்டிருந்திருப்பாங்க" என்று ஜாக்கெட்டை மடியில் வைத்துத் தடவினார்.

கொடுப்பீர்களா என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு. மாமல்லபுரம்

பையன் தன் ரெக்ஸின் ஜாக்கெட்டிலேயே ரைட் வந்தான். நான் பஸ்ஸில். கடற்கரைக் கோயிலுக்கு எதிரே டிபன் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. ஏழரை மணிக்குள் இருபது முப்பது வண்டிகள் நின்றிருந்தன. பாதிப் பேர் தோல் ஜாக்கெட். ஒருவன் முதுகில் மண்டையோடு, ஒருவன் கையில் அமெரிக்க ஸ்குவாட்ரன் சின்னம், அது எந்தப் படைப்பிரிவு என்று கேட்டேன். ஆன்லைனில் வந்தபோதே இருந்தது என்றான். தப்பில்லை. புதுத் தோல், புதுச் சின்னம், யாருடைய ஞாபகத்தையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் போன்றவர்கள் பழைய ஏ-2வின் தையலையும் ஜிப்பையும் நூலின் தடிமனையும் அளந்து அப்படியே புதிதாகச் செய்கிறார்கள். போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

இட்லி முடித்துக் கோயில் பக்கம் நடந்தோம். தோலுக்குச் செய்வதைத்தான் இங்கே கல்லுக்குச் செய்கிறார்கள் என்று அவனுக்குக் காட்ட நினைத்திருந்தேன். கடல் காற்றின் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி, மேல் படலத்தைத் தள்ளி உதிர்க்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழை ஈரமாக அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். கோயில் விமானத்தின் கடல் பக்கத்து முகமும் ஊர்ப் பக்கத்து முகமும் ஒன்றாக இல்லை. கடல் பக்கம் சிங்கங்களின் வாய் கரைந்து வழவழவென்று ஆகிவிட்டது. அதைச் செதுக்கிப் புதுப்பிக்க இந்த ஊரில் கை இல்லாமலா? தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கிறது. ஆனாலும் தொடுவதில்லை. புது யாளி வேண்டுமென்றால் புதுக் கல்லில் செதுக்குகிறார்கள்.

பையன் ரொம்ப நேரம் அந்தச் சிங்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த சேலையூர் பாட்டி மட்டும் போட்டுக்கலாமா?" என்றான்.

நல்ல கேள்வி. போட்டுக்கலாம் என்றேன். அந்தச் சட்டையில் யார் இருந்தார், எந்த விமானம், எந்தப் பனி, பையில் என்ன என்று சொல்ல அவர் இருக்கிறார். அவர் உடம்பில் அது தேய்ந்தால் அதே கதையின் அடுத்த பக்கம் தேய்கிறது. எங்கள் ஏ-2வுக்கு அப்படி யாரும் இல்லை. அந்த மடிப்புகளைத் தவிர அதைப் போட்டிருந்தவனுக்காகப் பேச எதுவுமில்லை.

மணலில் நின்று கிழக்கே பார்த்தோம். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32, 29 பேரோடு இந்தக் கடலுக்கு மேல்தான் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை வருஷம். அந்த 29 வீடுகளிலும் ஆணியில் மாட்டிய சட்டை ஒன்று இருந்திருக்கும். அதைத் துவைப்பதா வேண்டாமா என்று யாரோ ஒருத்தி யோசித்திருப்பாள்.

போன மாதம்கூடத் திருப்போரூர் பக்கம் ஒரு பயிற்சி விமானம் விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். அன்று சத்தம் கேட்டதாகப் பையனின் நண்பர்களில் ஒருவன் சொன்னான்.

டிசம்பர் 22, திங்கள்

வாங்கி விற்பவர் ஒருவர் போன் செய்தார். ஏ-2வின் தோள் சின்னத்தை மட்டும் பிரித்துத் தர முடியுமா, ஜாக்கெட்டைவிட அதற்கு நல்ல விலை வரும் என்கிறார். முடியாது என்று வைத்துவிட்டேன். பெயர்ப்பட்டையை இப்படித்தான் யாரோ பிரித்திருக்க வேண்டும். சின்னம், பட்டை, லேபிள் எல்லாம் தனித்தனியாக விலைபோகும் இந்த வியாபாரத்தில், வெறும் ஜாக்கெட்டில் வேறு இடத்துச் சின்னத்தைத் தைத்து 'போர்முனையில் இருந்தது' என்று விற்பதும் நடக்கிறது. தையல்துளை பழையதா புதியதா என்று பார்க்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான்: பழைய துளையின் விளிம்பு கறுத்து வட்டமாகியிருக்கும், புதுத் துளை வெளுத்துக் கூராக இருக்கும்.

பையனுக்கு எழுதிப் போட்ட இன்னொன்று: படைவீரர் உடுப்பையோ சின்னத்தையோ, தன்னைப் படைவீரன் என்று நம்ப வைக்கும் எண்ணத்தோடு போட்டுக்கொள்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை. எண்ணம்தான் முக்கியம், பழைய சட்டையை வைத்திருப்பது தவறாகாது. 2016இல் பதான்கோட் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி உடைகளை விற்க வேண்டாம், உடுத்த வேண்டாம் என்று ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. நடப்பில் இருக்கிற படையின் சின்னத்தைத் தெருவில் அழகுக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பிடிபட்டவரின் உடுப்புக்கு என்ன கதி நேரும் என்பதையும் பார்த்தோம். 2019 நவம்பரில் கராச்சி விமானப் படை அருங்காட்சியகத்தில், பாகிஸ்தானிடம் பிடிபட்ட நம் விமானி அபிநந்தன் வர்த்தமான் உருவத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி, பக்கத்தில் டீக் கோப்பையையும் வைத்திருந்தார்கள். காட்சிக்கு வைப்பதெல்லாம் மரியாதை ஆகிவிடாது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்து வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

டிசம்பர் 25, வியாழன். பல்லாவரம்

லீவு நாள், ஆனாலும் தையற்காரர் கடை திறந்து வைத்திருந்தார். ஏற்றுமதி கம்பெனிக்குத் தோல் ஜாக்கெட் தைத்துப் பழகிய கை. ஏ-2வை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தொடாமலே, ஸ்கேலை மேலே பிடித்து அளந்தார். பையனுக்கு ஆட்டுத் தோலில், உள்ளே காப்புப் பட்டை வைக்க இடம் விட்டு, ஒன்று தைக்கப்போகிறார். தோள் சின்னத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒத்த ஆளு வேலைங்க. ஒரே கத்தி" என்றார். இந்தச் சாய்ந்த முனை? "கடைசியா வெட்டினது. கை அசந்துபோச்சு."

எண்பது வருஷம் கழித்து அந்த ஆளைப் பற்றி ஒரு வரி கிடைத்திருக்கிறது. ஏ-2வுக்கென்று வைத்திருக்கும் குறிப்பு அட்டையில் எழுதிவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு. சேலையூர்

நோட்டும் பேனாவுமாகப் போனேன், பையனையும் கூட்டிக்கொண்டு. அம்மா காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார், அவன் எழுதினான். கணவர் சேர்ந்த வருஷம், இருந்த ஊர்கள், லேயில் ஒரு தரம் வானிலை மோசமாகித் திரும்ப முடியாமல் தங்கிப்போனது, அப்போது ஜாக்கெட்டைக் கழற்றாமலே தூங்கினது, அந்தத் தூக்கத்தில்தான் இடது பையின் மூடி கிழிந்தது. அந்தக் கிழிசலை அம்மாவே கறுப்பு நூலில் தைத்திருக்கிறார். பார்த்தேன், தையல் நேராக இல்லை, ஆனால் கெட்டி. ஒரு இடத்தில் பையன் தப்பாக எழுதிவிட்டான் என்று அடித்துத் திருத்தச் சொன்னார்: "சண்டிகர் மொதல்ல, அப்பறம்தான் ஆக்ரா. மாத்தி எழுதாதேப்பா."

எல்லாம் முடிந்ததும், ஜிப் பாதியில் நிற்கிறது, பனிக்கு நெஞ்சை மூட முடியவில்லை, சரி பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். சேகரிப்பவன் ஜிப்பை மாற்ற மாட்டான். அசல் ஜிப் இருந்தால்தான் மதிப்பு என்பது இந்த உலகத்தின் முதல் பாடம். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பித்தளைப் பற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ரன்னர்தான் வாய் பிளந்திருக்கிறது. பழைய ரன்னரைக் கழற்றி, தேதி போட்ட உறையில் அந்த நோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, அளவில் பொருந்துகிற புதுப் பித்தளை ரன்னர் மாட்டலாம். தையல் ஒன்றையும் பிரிக்க வேண்டாம்.

பல்லாவரத்துத் தையற்காரரிடம் நாளைக்கே கொண்டுபோகிறேன் என்றேன். "நாளைக்கு வேணாம். மார்கழி முடியட்டும். பொங்கலுக்கு அப்பறம் எடுத்துக்கிட்டுப் போங்க, அதுவரைக்கும் ஊக்கு போட்டுக்கறேன்" என்றார்.

பொங்கல் கழித்து, ஜனவரி 19 திங்களன்று போய் வாங்கிவர வேண்டும். ரன்னரின் அகலத்தை இன்றே குறித்துக்கொண்டேன்.